அம்மா ஏற மறுத்த பிக்கப்

என் அப்பாவுக்கு ஒரே இடத்தில் இருப்புக் கொள்ளாது. கல்யாணமான புதிதில் ஃபுஜைராவில் இருந்தார். அம்மா ஊரிலிருந்து வந்து சேர்ந்து, கடைக்காரரோடு இரண்டு வார்த்தை இந்தி பேசப் பழகுவதற்குள், ஷார்ஜாவில் ஓவர்டைம் கொட்டுகிறது என்று கேள்விப்பட்டார். ஷார்ஜாவுக்கு வந்தார்கள். நான் அங்கேதான் பிறந்தேன். என் பால் பல் விழுவதற்குள் அபுதாபி பக்கத்தில் முசஃபா. அங்கே பெஷாவர்க்காரர் ஒருவரின் கராஜில் லாரி இன்ஜின் வேலை பார்த்தார். அம்மாவுக்குப் பக்கத்து கிளினிக்கில் நர்ஸ் வேலை கிடைத்தது. ஒரு வில்லாவைப் பலகை வைத்துத் தடுத்துப் பல குடும்பங்களுக்கு விட்டிருந்தார்கள். அதில் ஒரு போர்ஷன் எங்களுடையது. மற்ற ஊர்களில் ஜன்னல் திரையைக் கயிற்றில் தொங்கவிட்ட அம்மா, முசஃபாவில் சுவரைத் துளைத்துக் கம்பி மாட்டினாள். இனிமேல் நகரமாட்டேன் என்பதை அவள் அப்படித்தான் சொன்னாள். அப்பாவுக்கு அது காதில் விழவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் இங்கிலீஷ் புத்தகத்தில் ஒரு பாடம் வந்தது. அமெரிக்காவின் மேற்குக் கோடியில், கலிஃபோர்னியாவில், ஆற்று மணலிலேயே தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, அந்தக் காலத்தில் குடும்பம் குடும்பமாக மாட்டு வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டுப் போன கதை. துணிக் கூண்டு போட்ட வண்டிகள். வழியெல்லாம் காட்டெருமைக் கூட்டம். மாதக்கணக்கில் பயணம். வழியில் மாடு சாகும், குழந்தைக்குக் காய்ச்சல் வரும், பாரம் தாங்காமல் அலமாரியையும் இரும்பு அடுப்பையும் பியானோவையும் பாதையோரம் தூக்கிப் போட்டுவிட்டுப் போவார்கள். பாதி வழியில் திரும்பியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குப் பாடத்தில் ஒரே ஒரு வரிதான்.

வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு இவர்கள் ஏன் போனார்கள் என்று மிஸ் கேட்டார். நான்தான் எழுந்து, "அவங்க ஃப்ரெண்டு போன் பண்ணியிருப்பாரு மிஸ்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ஏன் என்று புரியவில்லை. எங்கள் வீட்டில் எல்லாப் பயணமும் அப்படித்தான் தொடங்கியது.

இந்த முறையும் ஒரு ஃப்ரெண்டின் போன் வந்தது. அப்பாவின் கூட்டுக்காரர் ஒருவர் ருவைஸில் ஒரு கம்பெனியில் போர்மேனாக இருந்தார். அங்கே பிளான்ட் பெரிதாகிறது, மெக்கானிக்குக்கு ஆள் பற்றவில்லை, குடும்பத்துக்கு வீடே தருவார்கள் என்றார். ருவைஸ் எங்கே இருக்கிறது என்று அட்லஸில் தேடினேன். முசஃபாவுக்கு மேற்கே. ஃபுஜைராவிலிருந்து பென்சிலால் கோடு இழுத்துப் பார்த்தால், நாங்கள் மேற்கே பார்த்துத்தான் நகர்ந்துகொண்டிருந்தோம். புத்தகத்தில் இருப்பது நாங்கள்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அன்று சாப்பிடும்போது பாடத்தை முழுக்கச் சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்.

"தங்கம் கெடச்சுதா மக்ளே?"

"சில பேருக்குக் கெடச்சுதாம்ப்பா."

"பாத்தியா! கெடச்சிருக்கு!" என்று அம்மாவைப் பார்த்தார்.

"கெடைக்காதவங்க என்ன செஞ்சாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"வேற எடத்துல கெடைக்குதுன்னு அங்க போனாங்க" என்றேன்.

அப்பளத்தை நொறுக்கி என் தட்டில் போட்டாள்.

அந்த மாதம் வீட்டில் சண்டை என்று பெரிதாக இல்லை, முணுமுணுப்புதான். அம்மாவுக்கு நர்ஸ் வேலையை விட மனமில்லை. கிளினிக்கில் எல்லாரும் அவளை சிஸ்டர் என்று மரியாதையோடு கூப்பிட்டார்கள். அப்பாவுக்கோ, இந்த வாய்ப்பையும் விட்டால் வயதாகிவிடும், பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். நான் முழுக்க முழுக்க அப்பா கட்சி. சாமான் கட்டும்போது மேற்பார்வை என்னுடையது. கிரைண்டர் பாரம், அதை வழியில் தூக்கிப் போட வேண்டிவரும் என்று நான் எச்சரித்தேன். "ஒன்னத் தூக்கிப் போட்டுட்டு கிரைண்டரக் கொண்டு போவேன்" என்றாள் அம்மா.

ஒரு வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டோம். அப்பாவின் பழைய பிக்கப்பின் பின்னால் கட்டிலும் மெத்தையும் கிரைண்டரும், அதன்மேல் நீலத் தார்ப்பாய். முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அப்பா விசிலடித்துக்கொண்டே ஓட்டினார். இரண்டு பக்கமும் மணல். வேலிக்கு அந்தப் பக்கம் ஒட்டகம் தெரிந்தால் நான் காட்டெருமை என்று கத்தினேன். அம்மா மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தாரீஃப் என்ற ஊரைத் தாண்டி ஒரு பெட்ரோல் பம்பில் நிறுத்தினோம். அம்மா பேப்பர் கப்பில் டீ வாங்கி வந்தாள். அப்போது அப்பாவின் போன் அடித்தது. அவர் டயருக்குக் காற்றடிக்கிற இடத்துப் பக்கம் போய்ப் பேசினார். முதலில் வழக்கம்போல ஊருக்கே கேட்கிற சத்தம். பிறகு "ஆ... ஆ..." மட்டும். பிறகு அதுவும் இல்லை. பேசி முடித்தும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, ஏற்கெனவே இறுக்கமாக இருந்த தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

"யாரு போன்ல?" என்று அம்மா கேட்டாள்.

"அவன்தான். எங்க வந்தாச்சுன்னு கேக்கான். ஏறுங்க, இருட்டும் முன்ன போய்ச் சேரணும்."

உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பம்பின் சிமெண்ட் திட்டில் போய் உட்கார்ந்தாள்.

"நான் வரல்ல."

"என்னது?"

"எனக்கு அந்த ஊரு வேண்டாம். இவளுக்கு முசஃபாவுல பள்ளிக்கூடம் இருக்கு, எனக்கு டூட்டி இருக்கு. நான் ரிசைன் பண்ணல்ல, லீவுதான் சொல்லிருக்கேன். நீங்க வேணும்னா போங்க. நானும் பிள்ளையும் பஸ்ல திரும்புவோம்."

பெட்ரோல் அடிக்கிற வங்காளிகூட எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். குழம்பில் உப்பு குறைந்தாலே வீட்டை இரண்டாக்குகிற மனிதர் அப்பா. இப்போது என்ன நடக்குமோ என்று பிக்கப்பின் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு முறை, "ஆளுங்க பாக்காங்க, எந்திரி" என்றார். அம்மா அசையவில்லை. அவர் மேற்கே போகிற ரோட்டைப் பார்த்தார். "ஒன்னக் கெட்டிட்டு ஒரு மனுசன் உருப்பட முடியுமா" என்றார். அதில் வழக்கமான காரம் இல்லை. "சரி, ஏறு. திரும்புவோம்."

"அம்மாவ பஸ்ல அனுப்பிட்டு நாம போவோம்ப்பா!" என்று நான் அழுதேன். அப்பா என்னைத் தூக்கி சீட்டில் வைத்தார். அன்று முழுக்க அம்மாவோடு நான் பேசவில்லை, மறுநாளும்தான்.

எங்கள் போர்ஷனுக்கு அதற்குள் வேறு குடும்பம் வந்துவிட்டிருந்தது. அம்மாவோடு வேலை பார்க்கிற சேச்சியின் ஹாலில் மெத்தையை விரித்துக் கொஞ்ச நாள் கிடந்தோம். அப்பா பழைய கராஜுக்கே போய் நின்றார். முதலாளி முதலில் முறைத்தாராம். பெண்டாட்டி வழியில் உட்கார்ந்துவிட்டாள் என்று கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்து, "பீவி நஹி மானீ? கலாஸ். கல் ஸே ஆ ஜாவ்" என்றாராம். பெண்டாட்டி ஒத்துக்கொள்ளவில்லையா, போகட்டும், நாளையிலிருந்து வந்துவிடு என்று அர்த்தம். கேட்டவர்கள் எல்லாருமே சிரித்தார்கள். அப்பாவின் முதுகில் தட்டினார்கள். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்றார்கள்.

பல வருஷங்களுக்குப் பிறகு, நாங்கள் நாகர்கோவிலில் வீடு கட்டிக் குடியேறிய பிறகு, அந்தப் போர்மேன் கூட்டுக்காரர் எங்களைப் பார்க்க வந்தார். அப்பா மீன் வாங்கப் போயிருந்தார். பேச்சோடு பேச்சாக அந்த நாளும் வந்தது. "நல்லவேளை, நான் போன் பண்ணும்போது நீங்க வழியிலதான் இருந்தீங்க. கம்பெனில ஆள் எடுக்கதையே நிறுத்திட்டான், வேல இல்ல, வராதீங்கன்னு சொன்னேன். பாவம், ஒண்ணும் பேசாம வச்சிட்டாரு" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். "ஒனக்குத் தெரியுமா?" என்றேன்.

"போன்ல என்ன சொன்னாங்கன்னு தெரியாது. அவரு மொகத்தத்தான் பாத்தேன். நம்மகிட்ட சொல்ல அவருக்கு வாய் வரல்ல. விட்டா, சொல்லாமலே அங்க போய் நின்னுருப்பாரு." வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. "அவரு இருக்கும்போது இதப் பேசாதீங்க, கேட்டீங்களா" என்று கூட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு எழுந்து போய் மீனை வாங்கிக்கொண்டாள்.

கூட்டுக்காரரைக் கண்டதும் அப்பா ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு உட்கார்ந்து, எல்லாரிடமும் சொல்கிற அதே கதையை ஆரம்பித்தார். "இவ மட்டும் அன்னைக்கு வண்டில ஏறியிருந்தான்னா, நான் இப்ப எங்கயோ இருக்க வேண்டியவன்." கூட்டுக்காரர் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா, என்னாலதான்" என்றாள் அம்மா அடுக்களையிலிருந்து. எத்தனையோ பேர் முன்னால் அவள் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் குரலில் எப்போதும் ஒரு பெருமை இருக்கும். பிடிவாதம் பிடித்து ஜெயித்த பெருமை என்றே அத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.