உதைபட்ட கறுப்புக் குட்டி

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சற்று இப்பால் ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, ஆறு வெள்ளாடுகளுடன் நாங்கள் குடியேறியபோது இருவருக்குமே ஆடு வளர்க்கத் தெரியாது. என் கணவர் ஹனூர் பக்கத்துக்காரர், அதனால் அவருக்குத் தெரியும் என்று நான் நம்பியிருந்தேன். அவர் வீட்டில் மக்காச்சோளமும் ராகியும் போட்டார்களே தவிர, ஆடு வைத்திருந்ததில்லை. மைசூர் நகரத்திலேயே வளர்ந்த நான் பயிற்சி வகுப்பில் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்ததைப் பார்த்து, எனக்குத் தெரியும் என்று அவர் நம்பியிருந்தார்.

வெளியிலிருந்து தீவனம் வாங்குவதில்லை. வேலியோரத்து அகத்தி ஆட்டுக்கு, ஆட்டுப் புழுக்கை திரும்ப அகத்திக்கு. எங்கள் திட்டம் இவ்வளவுதான். காகிதத்தில் அழகாக இருந்தது.

முதல் ஈற்றில் இரண்டு குட்டிகள். முதலில் வந்த கறுப்பைத் தாய் நக்கித் துடைத்தது. அடுத்து வந்த செவலையை அது கவனிக்கவில்லை என்று பயந்து, நான் வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து, ஒரு குட்டி மடிக்குப் போனாலே தாய் உதைக்க ஆரம்பித்தது.

"வெந்நீர்ல தொடச்சதுதான் தப்பு. வாசன போயிருச்சு, தாய்க்கு அடையாளம் தெரியல" என்றார் அவர்.

"நான் தொடச்சது செவலையைங்க. அது நல்லாத்தானே குடிக்குது. உதை வாங்கறது கறுப்பு."

அவர் இரண்டு குட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

பக்கத்து வயலில் கரும்பு போட்டிருந்த பெண், எங்கள் வயதுக்காரி, குட்டியின் முதுகில் உப்பு தடவச் சொன்னாள். தடவினோம். தாய் ஆசையாக நக்கியது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். நக்கி முடித்ததும் குட்டி மடிக்குப் போயிற்று, தாய் உதைத்துத் தள்ளியது. பிரியமா, வெறுப்பா என்று புரியாமல் இருவரும் அங்கேயே நின்றோம். ஒரு வீடியோ குட்டியைப் பிரித்து வைக்கச் சொன்னது. இன்னொன்று பிரிக்கவே கூடாது என்றது. என் நோட்டில் 'தாயைப் பிடித்துக்கொண்டு ஊட்டவும்' என்று இருந்தது. அவர் ஆட்டின் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, நான் குட்டியை விட்டேன். ஆடு அதுவரை கேட்காத ஒரு குரலில் கத்தியது. அதைக் கோபம் என்றே எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் குட்டியின் வயிறு ஒட்டிப்போயிருந்தது. கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மேடம், கெச்சலு நோடிதீரா? பாவு இதெயா?" என்றார். எதையோ பார்த்தீர்களா, வீக்கம் இருக்கிறதா என்று கேட்பது புரிந்தது. கெச்சலு? பள்ளிக்கூடத்திலிருந்து கன்னடம் பேசுகிறேன். கனவுகூடக் கன்னடத்தில்தான் வரும். ஆனால் பாக்கெட் பால் வாங்கிய வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேலை இருந்ததில்லை. கேட்க வெட்கப்பட்டு, பார்க்கிறேன் என்பதாக "நோட்தீனி சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"கெச்சலுன்னா என்னங்க?"

"மடி. எதுக்குக் கேக்கற?"

சொன்னேன். அவர் ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்து கையை வைத்தார். "இந்தா, நீயும் தொட்டுப் பாரு." வலது பக்கம் மெத்தென்று இருந்தது. இடது பக்கம் கல்லாக இறுகி, கொதித்தது. கறுப்புக் குட்டி எப்போதும் இடது காம்புக்குத்தான் ஓடும். அதை இருவருமே தினமும் பார்த்திருந்தோம்.

"நாம அது மூஞ்சியவே பாத்துட்டு இருந்துட்டோம் புள்ள" என்றார். வலியில் கத்திய ஆட்டை அழுத்திப் பிடித்தது அவர் கை. குட்டியை விட்டது என் கை. அன்று நாங்கள் சரியாகச் சாப்பிடவில்லை.

மருத்துவர் வந்து ஊசி போட்டார். கெட்ட பாலைக் கறந்து கொட்டச் சொன்னார். கறுப்புக்கு வேறோர் ஆட்டின் பாலைப் புட்டியில் கொடுத்தோம். ஒரு வாரத்தில் அது தானாகவே வலது பக்கம் வந்து செவலையை முட்டித் தள்ளக் கற்றுக்கொண்டது. தாய் உதைக்கவில்லை. இடது பக்கம் மட்டும் வற்றிப்போய்விட்டது.

அப்படிப்பட்ட ஆட்டைக் கழித்துவிட வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். ஒரு பக்கப் பாலே போதும் என்கிறாள் கரும்பு வயல்காரி. நாங்கள் வைத்துக்கொண்டோம். இப்போது அது மறுபடி சினை. வைத்துக்கொண்டது சரியா என்று கேட்டால் அவர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன்.