சாய்மேடையில் ஒரு ஜோடி செருப்பு

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து உள்ளே பிரிகிற சாலையில் நான் வேலை பார்க்கும் தீவன மில் இருக்கிறது. அங்கே லாரியை முழுசாகத் தூக்கிச் சாய்க்கிற மேடை ஒன்று உண்டு. லாரி பின்பக்கமாக வந்து இரும்புத் தளத்தில் ஏறி நிற்கும். பின்சக்கரங்களை ஒட்டி ஒரு இரும்புத் தடுப்பு. நான் பொத்தானை அழுத்தினால் தளத்தின் முன்பக்கம் எழும். லாரி மூக்கை வானத்துக்குக் காட்டியபடி சாயும். மக்காச்சோளம் பின்கதவு வழியாகக் குழியில் கொட்டும். மஞ்சள் மழை என்று முன்பு என் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். இப்போது அப்படி எழுத வராது.

எங்களிடம் ஒரு பழக்கம். ஓட்டுநர் இறங்கிவந்து வண்டிச் சாவியை என்னிடம் தரவேண்டும். அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வேன். சாவி என் நெஞ்சில் கிடந்தால் வண்டியில் ஆள் இல்லை என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் எதையும் கேட்டதில்லை.

அன்று மத்தியானம் மாமல்லபுரம் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வந்தவர் மதுராந்தகம் பக்கத்துக்காரர். நிலத்தை விற்று வாங்கிய சொந்த லாரி. கேபினுக்குள் செருப்புக்காலோடு ஏறமாட்டார். மாமியார் வீட்டுக்குக்கூட இவ்வளவு மரியாதை இல்லை என்று கேலி செய்வோம். சாவியை நீட்டியவர் தடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாத்த, இது தாங்குமா? வெல்டிங்கு புச்சா கீதே.”

“காலைலேர்ந்து எத்தினி வண்டிய தாங்கிகினு கீது. போய் டீ குடி மச்சான்.”

டீக்கடைப் பக்கம் நடந்தார். அதுவரைதான் பார்த்தேன். மேடையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கமாக அவர் திரும்பி வந்தது என் தகரக் கூண்டிலிருந்து தெரியவில்லை.

தளம் எழுந்தது. சோளம் பாதி கொட்டியது. நனைந்திருந்த மீதி, கேபினை ஒட்டிய மேல்முனையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. சிந்தியதைக் கூட்டுகிற அக்கா துடைப்பத்தோடு நிமிர்ந்தார்.

“அண்ணே, உன் லாரி செருப்ப கழட்டிகினு கீது பாரு.”

சரிந்த இரும்பில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வழுக்கி வந்துகொண்டிருந்தது. ஒன்று முன்னால், ஒன்று பின்னால், நடந்து வருவதுபோல. நானும் சிரித்தேன். சிரிப்பு முடிவதற்குள் கை சாவியைத் தொட்டது. செருப்பு கீழே கிடந்தால் ஆள் கேபினுக்குள்.

மேடையை நிறுத்தினேன். தென்னை உயரத்தில் கேபின். பக்கக் கண்ணாடியில் ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது.

“மேல இன்னா பண்ற நீ?”

“பிரேக்க மெதிச்சிகினு கீறேன் அண்ணாத்த. அந்தத் தடுப்பு மேல எனக்கு நம்பிக்க இல்ல.”

புஸ், புஸ் என்று காற்று கசிகிற சத்தம். காற்றின் பலத்தில் பிடிக்கிற பிரேக் அது. இஞ்சின் ஓடாத வண்டியில் அவர் மிதிக்க மிதிக்கத் தொட்டியிலிருந்த காற்று தீர்ந்துகொண்டிருந்தது.

“எறங்குது. பெடலு எறங்குது. வண்டி போவுது.”

“போவல. ஹேண்ட் பிரேக்கு புடிச்சிகினு கீது. கால எடு.”

“எடுத்தா போய்டும்.”

லாரி அசையவில்லை. ஆனால் வெல்டிங்கிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. அக்காவின் கையிலிருந்து துடைப்பம் விழுந்தது. இனி இறக்கத்தான் வேண்டும். இறக்கும்போது அந்த ஈரச்சோளம் மொத்தமாக இடிந்தால் அவ்வளவு பாரமும் குலுங்கித் தடுப்பில் மோதும். இறக்காமல் வைத்திருந்தால் அந்த ‘டக்’ இன்னொரு முறை கேட்கும். இரண்டுக்கும் நடுவில் என் விரல்.

கொஞ்சம் இறக்கினேன், நிறுத்தினேன். கொஞ்சம் இறக்கினேன். எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை. அவரைப் பேசவைக்கவேண்டும் என்று மட்டும் தோன்றியது.

“இன்னா தெரியுது மச்சான் அங்கேர்ந்து?”

“வானந்தான். வேற ஒண்ணும் தெர்ல. கறுப்பா கீது.” கொஞ்சம் பொறுத்து, “எம் பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வந்துகினு இருப்பா.”

அப்போதுதான் சோளம் இடிந்தது. லாரியின் வயிற்றுக்குள் மலை சரிந்தது போல ஒரு சத்தம். வண்டி எகிறி உட்கார்ந்தது. மஞ்சள் தூசி கிளம்பி மேடையையே மறைத்தது. கூப்பிட்டேன். பதில் வரவில்லை. கண்ணில் ஒன்றும் தெரியாமல், விரலை மட்டும் நம்பி, மேடையைத் தரைவரை இறக்கினேன்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். உயிரோடுதான் இருந்தார். கண் நேராக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. வெறுங்கால் பெடலை அடிவரை அமுக்கியிருந்தது. எடுக்கச் சொன்னேன், எடுக்கத் தெரியவில்லை அவருக்கு. இரண்டு கையாலும் அந்தப் பாதத்தைப் பிடித்து நானே தூக்கினேன். மரத்துப்போய்க் கல் மாதிரி கனத்தது.

“எங் காலுதான நிறுத்துச்சு?”

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் மழை விழுந்தது. குழியில் கிடந்த சோளத்தின்மேல் தார்ப்பாயைப் போட யாருக்கும் தோன்றவில்லை. அக்கா செருப்பைத் தேடி எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தார். “போட்டுக்கினு எறங்கு நைனா,” என்றார், அவ்வளவுதான்.

தடுப்பை மாற்றிவிட்டார்கள். அடுத்த லோடுக்கு அவர் வந்தபோது சாவியை வாங்கிக்கொண்டு, ஆளையும் கூண்டுக்குள் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்காரவைத்தேன். பொத்தானை அழுத்தினேன். ஆளில்லாத லாரி எழ எழ, செருப்புப் போட்ட அவர் வலதுகால் தகரத் தரையை அழுத்திக்கொண்டே போனது. எடு என்று சொல்லக் குனிந்தேன். என் காலும் அழுத்திக்கொண்டிருந்தது.