பூசினாற்போல் ஒரு கோடை

சின்ன வயதில் நான் ஒட்டடைக்குச்சி. தாம்பரத்தில் எங்கள் தெருவே அப்படித்தான் கேலி செய்யும். ஆறாவது முடித்த கோடை விடுமுறையில் கூடுவாஞ்சேரி அத்தை, "என்கிட்ட விடு, இவளைத் தேத்திக் காட்டறேன்" என்று அம்மாவிடம் சவால் விட்டு என்னை அழைத்துப் போனார்.

வேளாவேளைக்கு ஊறுகாயும் சோறுமாகத் திணித்து, சொன்னதைச் செய்தும் காட்டினார். தினமும் எழும்போது முகம் உப்பியிருக்கும். கன்னத்தில் செக்கச்செவேலென்று ஒரு சிவப்பு வேறு. "இன்னா ஆன்ட்டி, பொண்ணு சூப்பரா கலராயிட்டா!" என்றார் மாடிவீட்டு அக்கா. "வயசுக்கு வரப்போறா, அதான் பூசினாப்ல இருக்கா" என்று அத்தை சாயங்காலமே உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். விரல் மூட்டு வலித்தது. வளர்கிற பெண்ணுக்கு வலிக்கத்தான் செய்யும் என்றார். கொலுசு இறுகியது. பெரிதாக வாங்கிக்கொள்ளலாம் என்றார். எனக்கோ தலைகால் புரியவில்லை, கண்ணாடி முன்னாலேயே கிடந்தேன்.

பெருமை தாங்காமல் அத்தை வாட்ஸ்அப்பில் என் போட்டோவை அனுப்பினார். அடுத்த ரயிலில் அம்மா வந்து நின்றார். வந்ததும் என் காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். விழுந்த குழி அப்படியே நின்றது.

"அண்ணி, இது சதை இல்ல, நீர்."

"நல்லதே உன் கண்ணுக்குப் படாதா?" என்று அத்தை சீறினார்.

ஆஸ்பத்திரியில் அதற்கு லூபஸ் என்று பெயர் சொன்னார்கள். உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குமாம். என் சிறுநீரகங்களில் கைவைத்துவிட்டது. "இன்னும் லேட் பண்ணியிருந்தா ரெண்டு கிட்னியும் போயிருக்கும்" என்றார் டாக்டர். சாப்பாட்டால் வந்ததல்ல என்று அவர் எத்தனை சொல்லியும் அத்தை கேட்கவில்லை. "நான்தானே டாக்டர் ஊறுகாயா போட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அம்மாதான் அவரைப் பிடித்து உட்காரவைத்தார்.

அப்புறம் உப்பில்லாத சாப்பாடு, கை நிறைய மாத்திரை. தினமும் எடை பார்ப்பார்கள். கொஞ்சம்கூட இறங்காமல் அடம்பிடித்த எடை, ஒருநாள் காலை மளமளவென்று குறைந்திருந்தது. அத்தை பக்கத்துப் படுக்கைக்காரம்மாவிடம் ஓடி, "எங்க பாப்பா எளைச்சுட்டாங்க! எலும்பு தெரியுதுங்க!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மாவும் அவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆசையாக வந்த அழகு போகிறது, இவர்களுக்குக் கொண்டாட்டமா? போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். இனி செத்தாலும் இந்த அத்தையோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன்.