ஓசிக் குளியல்

பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த அவளுக்கு விடுமுறை என்றால் அம்மா வீடு, அதை விட்டால் நாத்தனார் வீடு. அந்த வழக்கத்தை உடைத்தவர் அவள் கணவர்தான். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எங்கே எது சும்மா கிடைக்கும் என்று மூக்கில் வியர்க்கும் அவருக்கு. அவள் தம்பி 'ஓசி மன்னன்' என்று பட்டம் வைத்தான். அவரும் அதைப் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தார்.

கல்யாணமாகிப் பத்தொன்பதாவது வருஷம், மூடப்போன ஒரு பேக்கரியின் டெலிவரி வேனைக் கிடைத்த விலைக்கு வாங்கிவந்தார். ரொட்டித் தட்டுகள் இருந்த இடத்தில் பலகை அடித்துப் படுக்கை போட்டார். ஒற்றை அடுப்பு, இரண்டு தண்ணீர்க் கேன், ஜன்னலுக்குப் பழைய போர்வையில் தைத்த திரை. எவ்வளவு கழுவியும் ரொட்டி வாசம் மட்டும் போகவில்லை. வெயில் ஏறினால் இரண்டு பேருக்கும் பசி எடுத்தது.

முதல் பயணத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது, குளியலைத் தவிர. ஐந்தாம் நாள் காலையில் ஒரு பெரிய மருத்துவமனையின் வண்டி நிறுத்துமிடத்தில் மரநிழல் பார்த்து வேனை நிறுத்தினார். நோயாளிகளோடு வந்தவர்களுக்குக் குளியலறை இருக்கிறதாம், வெந்நீர்கூட வருமாம், யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்றார். அவள் தயங்கினாள். ஆனால் நான்கு நாள் அழுக்கு. துண்டையும் சோப்பையும் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

பெண்களுக்கு ஒரே குளியலறை. வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பெண்கள். வரிசையில் அவளுக்கு முன்னால் இருந்தவள் கசங்கிய உடையோடு, மணிக்கட்டில் துணைக்கு இருப்பவர்களுக்கு மருத்துவமனை கட்டிவிடும் காகிதப் பட்டையோடு இருந்தாள். அவள் வீட்டுக்காரர் பெயின்டராம். சாரத்திலிருந்து விழுந்து ஆறு நாளாகிறது, இன்னும் கண் திறக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "உங்களுக்கு யாரு உள்ள?" என்று கேட்டாள்.

யாரும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது.

"வீட்டுக்காரர்தான். நெஞ்சுல ஆபரேஷன். காலையிலதான் முடிஞ்சுது."

அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் முறை வந்ததும் எழுந்திருக்கவில்லை. "நீங்க முதல்ல போங்க. அவர் முழிக்கிறப்ப நீங்க பக்கத்துல இருக்கணும்."

போனாள். வெந்நீர் நிஜமாகவே வந்தது. தலைக்கும் ஊற்றிக்கொண்டாள். இரண்டு தடவை சோப்புப் போட்டாள். பிற்பாடு அவள் மனதை அறுத்தது அந்த இரண்டாவது சோப்புதான். வெளியே வந்தபோது பெஞ்சில் அந்தப் பெண் இல்லை.

மறுநாளும் அதே இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். பல் தேய்க்கப் போனவள் பெஞ்சில் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். கையில் துண்டு இல்லை, ஆஸ்பத்திரிக் காகிதக் கட்டுதான் இருந்தது. வீட்டுக்காரர் முந்தின நாளே போய்விட்டாராம். விபத்து என்பதால் உடலைக் கொடுக்க ஒரு நாள் ஆகிவிட்டதாம்.

"நீங்க குளிக்கப் போன கொஞ்ச நேரத்துல நர்ஸ் ஓடி வந்து கூப்பிட்டாங்க. நான் உள்ள போயிருந்தா தெரிஞ்சே இருக்காது. உங்களாலதான் கடைசியா கையப் பிடிச்சேன்" என்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "உங்க வீட்டுக்காரர் முழிச்சிட்டாரா?"

அதற்குள் தோளில் துண்டோடு இவள் கணவர் வந்து நின்றார். "ஏம்மா, நேத்து நீ குளிச்சியே, ஆம்பளைங்களுக்கு எந்தப் பக்கம்? வெந்நி வருதா?"

அந்தப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். நெஞ்சைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. "நல்லா இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

நான்கு நாள் கழித்துத்தான் வேனில் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினாள். "பொய் சொல்லுன்னு நானா சொன்னேன்?" என்றார். உண்மைதான். அதனாலேயே அதிகம் வலித்தது.

ஊர் திரும்பியதும் வந்தவர் போனவரிடமெல்லாம் அவர் ஆஸ்பத்திரிக் குளியலைக் கதையாகச் சொன்னார், அந்தப் பெண்ணை மட்டும் விட்டுவிட்டு. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் ஏதோ வேலை இருப்பது போலச் சமையலறைக்குள் போய்விடுவாள். ஒரு மாதம் கழித்து, பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுத் தனியாகப் பஸ் ஏறி அந்தப் பெண்ணைத் தேடி அதே மருத்துவமனைக்குப் போனாள். கவுன்டரில் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார், அந்தம்மா பேர் என்ன என்று. அவளுக்குத் தெரியவில்லை. பெயின்டர் பேரும் தெரியவில்லை. வந்த பஸ்ஸிலேயே திரும்பினாள்.

அடுத்த வருஷம் தீவுகளுக்குப் போனார்கள். சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்து இரண்டு நாள் பயணம். விடிந்தபோது கடல் பச்சையாக இருந்தது, அடியில் மணல் தெரியும் அளவுக்குப் பச்சை. கரையோர விடுதியில் புதுமணத் தம்பதிகளுக்குக் கடல் பார்த்த அறையைச் சாதா வாடகைக்கே கொடுப்பதாக எழுதிப்போட்டிருந்தார்கள். அவர் கூசாமல், "போன மாசம்தாங்க கல்யாணம்" என்றார். விடுதிக்காரர் அவள் நரைத்த வகிடைப் பார்த்துச் சிரித்தார். சம்மதித்துவிடுவார் போலிருந்தது.

"இருபது வருஷம் ஆச்சுங்க. பின்னாடி ரூம் இருந்தா குடுங்க" என்றாள் அவள்.

பின்னால் இருந்தது ஜெனரேட்டரை ஒட்டிய அறை. சுவரில் கை வைத்தால் கை அதிர்ந்தது. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கட்டிலில் படுத்துவிட்டார். அவள் தனியாகக் கரைக்குப் போய், முழங்கால் தண்ணீரில் நின்றாள். எல்லோரும் முங்கி எழுந்துகொண்டிருந்தார்கள். அவளுக்கு முங்கத் தோன்றவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அவர் வந்து மணலில் உட்கார்ந்தார். "அந்தம்மா நல்லா இருக்கட்டும்னு சொன்னது எனக்கும் கேட்டுச்சு" என்றார்.

யார் என்று அவள் கேட்கவில்லை. "அப்புறம் ஏன் அத்தனை பேர்கிட்டயும் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னீங்க?"

"சிரிச்சா போயிடும்னு நெனச்சேன்."

ஐந்து நாள் அந்த அதிர்கிற அறையில்தான் தங்கினார்கள். மூன்றாம் நாள் அவர் அவளுக்கு மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொடுத்தார். காதுக்குள் தண்ணீர் போனதுதான் மிச்சம்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி குடும்பத்தோடு வந்தான். தீவுக் கதை முடிந்ததும், "மாமா, அந்த ஆஸ்பத்திரி மேட்டரச் சொல்லுங்க. இவ கேட்டதே இல்ல" என்று தன் மனைவியைக் காட்டினான்.

"அது வேணாம்ப்பா" என்றார் அவர்.

அவள் இந்தத் தடவை எழுந்து போகாமல் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் சொல்லவில்லைதான். ஆனாலும் முகம் சுட்டது. பொய் சொன்ன வாய் அவளுடையது.