காலி அறைக்கு ஒரு சலாம்

ஷஹீதா அக்கா உலகத்தில் எந்த ஊருக்குப் போனாலும், தங்கும் அறையின் கதவை மூன்று முறை தட்டாமல் உள்ளே நுழைய மாட்டார். அறை காலியாகத்தான் இருக்கும். சாவி அவர் கையில்தான் இருக்கும். இருந்தாலும் தட்டுவார், சலாம் சொல்வார், ஒரு மூச்சு நேரம் நிற்பார், அதற்குப் பிறகுதான் திறப்பார்.

பினாங்கில் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. பூட்டிக் கிடக்கும் அறையில் நமக்கு முன்னால் யாராவது குடியிருக்கலாம், அவர்களிடம் சொல்லாமல் நுழைவது மரியாதை இல்லை என்பார்கள். ஆனால் மற்றவர்கள் தங்குவது ஈப்போவிலோ லங்காவியிலோ உள்ள ஹோட்டல்களில். ஷஹீதா அக்கா மங்கோலியாவில் கம்பளிக் கூடாரத்தின் மரக்கதவைத் தட்டியவர். மொரோக்கோ மலையில் கழுதை லாயத்துக்கு மேலிருந்த அறையைத் தட்டியவர்.

ஊர் சுற்றிக் காட்டுவது அவர் தொழில். கடைவீதியும் கோபுரமும் காட்டும் சுற்றுலா இல்லை. ஆறேழு பேரை அழைத்துப்போய் அந்த ஊர்க்காரர் வீட்டிலேயே தங்க வைப்பார். அவர்களோடு சேர்ந்து மாவு பிசைய வேண்டும், ஒட்டகம் கறக்க வேண்டும், அவர்கள் படுக்கும் தரையில் படுக்க வேண்டும். சூலியா தெருவுக்குப் பின்னால், எங்கள் துணிக்கடையின் மாடியில் அவர் வாடகைக்கு இருந்தார். முன்னறைதான் ஆபீஸ். படிப்பை முடித்துவிட்டு எங்கேயாவது போக வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த நான், நேரம் கிடைத்தபோதெல்லாம் மாடியில்தான் கிடப்பேன்.

"தட்டும்போது உள்ளேயிருந்து பதில் வந்தா என்னக்கா செய்வீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வந்தா அந்த ரூம் நமக்கு இல்ல. சாவியைத் திருப்பிக் குடுத்துட்டு வேற ரூம் கேக்கணும்."

"வந்திருக்கா?"

"வந்திருந்தா உன்கூட உக்காந்து கதை பேசிட்டு இருப்பேனா, போலா."

அவருடைய தம்பி இக்மல் அண்ணன்தான் கூட்டாளி. வழி பார்ப்பது, குதிரை பேசுவது, வண்டி பிடிப்பது எல்லாம் அவர் வேலை. அவரை எழுப்புவதுதான் பெரிய பாடு. ஒவ்வொரு ஊரிலும் அக்கா போய் அவர் கதவைத் தட்டுவார். உள்ளேயிருந்து அவர், "இருலா பாஸ், வரேன்" என்று எங்கள் ஊர் 'லா'வோடும் கொட்டாவியோடும் இழுப்பார். அக்காவை அவர் அக்கா என்று கூப்பிட்டதே இல்லை, பாஸ்தான். நோன்புப் பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் அப்படித்தான் கூப்பிட்டார். நாங்களெல்லாம் சிரித்தோம்.

மூன்று வருடத்துக்கு முன்னால், தஜிகிஸ்தானில் பாமிர் மலையில் இக்மல் அண்ணன் காணாமல் போனார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாதை இருக்கிறதா என்று பார்க்க, தங்கியிருந்த வீட்டிலிருந்து காலையில் தனியாகக் கிளம்பினார். சாயங்காலம் குதிரை மட்டும் திரும்பி வந்தது. ஊர்க்காரர்கள் பல நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை.

அவர்களுடைய அம்மா ஹபீபா பீவி, கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் இருக்கிறார். மகனுக்கு, இறந்தவர்களுக்குரிய ஜனாசாத் தொழுகை தொழ வேண்டும், பாத்தியா ஓத வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா விடவில்லை.

"ஓதிட்டா அவன் மவுத்தாப் போயிட்டான்னு நாமளே சொன்ன மாதிரிம்மா. நான் பாக்காம எப்படிச் சொல்றது?"

"ஒருவேளை மவுத்தாயிருந்தா? ரெண்டு வருஷமா அவனை வாசல்லயே நிக்க வச்சிருக்கியே, ஷஹீதா."

இந்தப் பேச்சு வந்தால் அக்கா ஃபெரி பிடித்துப் பினாங்குத் தீவுக்குத் திரும்பிவிடுவார்.

போன வருடம் அவர் பாமிருக்கு ஆள் சேர்த்தபோது ஒருவர் விலகிக்கொண்டார். அந்த இடத்தில் நான் போனேன். எங்கள் கூட்டத்தில் நிபோங் திபாலைச் சேர்ந்த கார்த்திகேசு அங்கிளும் இருந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார், வாய் ஓயாதவர். உப்பும் வெண்ணெயும் போட்ட பால் தேநீரை அங்கே முதல் தடவை குடித்தபோது, "டீயா சூப்பா இது? ரொட்டி சானாய் எங்கம்மா?" என்று வீட்டுக்காரம்மாவிடம் தமிழிலேயே கேட்டார். அந்த அம்மாவும் புரிந்ததுபோல் இன்னொரு கிண்ணம் ஊற்றிவிட்டார்.

அது இக்மல் அண்ணன் கடைசியாகத் தங்கிய வீடு என்று அக்கா எங்களில் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும் பிறகுதான் தெரிந்தது.

நல்ல வெளிச்சம் இருந்த நேரம். எங்களுக்கான அறை முற்றத்துக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தது. மண் சுவர், ஜன்னல் கிடையாது, கூரையில் மட்டும் சதுரமாக ஒரு திறப்பு. அக்கா முன்னால் போனார். நானும் அங்கிளும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றோம். அவர் மூன்று முறை தட்டினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

"இருலா பாஸ், வரேன்."

தூக்கம் கலையாத குரல். அங்கிள் சிரித்துவிட்டார். "அடடே, யாருப்பா உள்ள? நம்ம ஊரு ஆளு போலயே!"

அவர் இக்மல் அண்ணனைப் பார்த்ததே கிடையாது. என் கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது.

வீட்டுக்காரம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்து எதையோ கேட்டார். எங்கள் ஓட்டுநர் அதை மொழிபெயர்த்தார்: "உள்ளே யார் பேசுவது, நேற்றிலிருந்து அறை பூட்டியல்லவா இருக்கிறது என்று கேட்கிறார்."

அக்கா சாவியைத் திருப்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். அவர் சொல்லித் தந்த விதியை அவரே மீறி நான் பார்த்தது அன்றைக்குத்தான். உள்ளே மடித்து வைத்த மெத்தைகள் இருந்தன. அணைந்த அடுப்பு இருந்தது. கூரைத் திறப்பிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் தூசி அசையாமல் நின்றது. அக்கா மெத்தைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார். தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சுவரைக்கூடத் தட்டிப் பார்த்தார்.

அன்று நாங்கள் எல்லோரும் வீட்டுக்காரம்மாவின் அடுப்பைச் சுற்றிப் படுத்தோம். அங்கிள் அதன் பிறகு ஊர் திரும்பும்வரை ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

நான் பயந்தேன். அக்காவுக்கோ முகமெல்லாம் வெளிச்சம். விமானத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இருக்கான், ஃபாத்தின். நீயும் கேட்டேல்ல? அங்கதான் எங்கேயோ இருக்கான்" என்றார். வந்த கையோடு தன் அம்மாவிடம் போய், ஓதவே கூடாது என்றும், பனி உருகியதும் தானே தனியாகப் போய்த் தம்பியைத் தேடி அழைத்து வருவதாகவும் சொல்லிவிட்டார். மற்றப் பயணங்களை எல்லாம் ரத்து செய்தார். மாடியில் பாமிர் வரைபடம் மட்டும் சுவரில் மிஞ்சியது. தன் வீட்டுக் கதவையும் தட்டிவிட்டு, சலாம் சொல்லி, காத்திருந்து திறக்க ஆரம்பித்தார். அந்தத் தட்டல் கீழே எங்கள் கடைக்குக் கேட்கும். என் அத்தா கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மேலே பார்ப்பார். பதில் எதுவும் வந்ததில்லை.

அக்கா கிளம்பவிருந்த வாரம், மாலை அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் அம்மா கொடுத்த மீன் குழம்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். வெளியே சரியான மழை. கதவைத் தட்டிச் சலாம் சொன்னேன்.

"இருலா பாஸ், வரேன்."

மரத்தரையில் செருப்பு உரசும் சத்தம் கதவை நோக்கி வந்தது. கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கதவு திறக்கவில்லை.

"என்னடி, தூண் மாதிரி நிக்கிறே? குழம்பு சிந்துது பாரு."

குரல் பின்னாலிருந்து வந்தது. நனைந்த குடையும் பசாரில் காய்கறி வாங்கிய பையுமாக ஷஹீதா அக்கா படியேறிக்கொண்டிருந்தார்.

"உள்ள... உள்ள ஆள் இருக்குக்கா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். என்னைத் தாண்டிப்போய் மூன்று முறை தட்டினார். தெளிவாகச் சலாம் சொன்னார்.

"இருலா பாஸ், வரேன்."

அதே வார்த்தை. அதே இழுப்பு. பாமிரில் கேட்ட அதே கொட்டாவி, அதே இடத்தில். அக்கா மறுபடி தட்டினார். மறுபடியும் அதுவே வந்தது. ஒரு எழுத்துகூட மாறவில்லை. தட்டினால் சத்தம் வருவதுபோல அந்தக் குரல் வந்தது.

அக்கா சாவியைப் பூட்டில் நுழைத்தார். திருப்பவில்லை. நெற்றியைக் கதவில் சாய்த்தார்.

"இக்மல்," என்றார் மெதுவாக. "உயிரோட இருந்தா நீ அங்கேயும் இங்கேயும் இருக்க முடியாதுடா."

உள்ளே சத்தம் இல்லை. தட்டவில்லை அல்லவா.

"வரேன் வரேன்னுதான் சொல்றான்," என்று என்னிடம் திரும்பிச் சொன்னார். "வரத்தான் முடியல அவனால." சாவியை உருவினார். கதவைப் பார்த்து, ஹோட்டல்காரரிடம் பேசுவதுபோல் பணிவாக, "மன்னிச்சிடுங்க. நாங்க வேற இடம் பாத்துக்கிறோம்" என்றார்.

நனைந்த உடையோடு அப்படியே கிளம்பினார். அவரைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. இருவரும் ஃபெரி பிடித்தோம். மழையில் தீவு மறைந்துபோயிருந்தது.

பாகான் டாலாம் வீட்டில் அவர் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா வாசலிலேயே நின்று சொன்னார்:

"ஓதச் சொல்லுங்கம்மா. தொழுகையும் வச்சிடலாம்."

அம்மாவின் கத்தி நின்றது. "யாரு சொன்னது உனக்கு?"

"அவனேதான்மா. நான் சலாம் சொன்னேன். காலி வீட்டுக்குள்ளேயிருந்து பதில் சொன்னான்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து வந்து மகளின் ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

"நீ உள்ள போகலயே?"

"போகலம்மா."

அம்மா கையை நீட்டினார்.

"சாவியைக் குடு."

அக்கா கொடுத்தார். அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு, தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளுச் செய்யக் குழாயடிக்குப் போனார்.