கோட்டை கட்டிய நிலா

மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு நாலு மணி நேரம். ஆரப்பாளையத்தில் காலை ஆறு மணிக்கு பஸ் ஏறினால் பத்து மணிக்கு மேலே இறங்கிவிடலாம். அந்த நாலு மணி நேரத்தைக் கடக்க எனக்கும் என் பெண்டாட்டிக்கும் ஐந்து வருஷம் பிடித்தது. முழுக் காரணமும் நான்தான். யாரும் என்னைத் தேற்ற வேண்டாம். தேற்ற வருகிறவர்களைக் கண்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

எழுபதுகளின் கடைசியில் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. அவள் என் தாய்மாமன் மகள். உசிலம்பட்டியைத் தாண்டி மேற்கே போனால் வருகிற ஒரு கிராமத்தில், விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். எனக்குக் கப்பலூரில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் வேலை, வாடகை வீடோ ஆனையூரில். ஊருக்கு வடகோடியில் குடியிருந்துகொண்டு தென்கோடிக்கு வேலைக்குப் போன புத்திசாலி நான்.

கல்யாணமான புதிதில், உனக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். சேலை, தோடு என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"மலை மேல நின்னு எங்க கண்மாயப் பாக்கணும் மச்சான்" என்றாள். "பொறந்ததுலருந்து கண்மாக் கரையில நின்னு மலையத்தான பாத்தேன். அங்கிட்டிருந்து பாத்தா நாங்க எப்பிடித் தெரிவோம்னு ஒருக்காப் பாக்கணும்."

"இம்புட்டுத்தானா? வார லீவுல போயிருவோம்" என்றேன்.

"வெறுங் கண்மாயி நான் பாக்காததா? தண்ணி நெறஞ்சு கெடக்கையில பாக்கணும்."

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. கண்மாய் நிறைய வேண்டுமானால் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்ட வேண்டும். மழை கொட்டினால் மலையில் மேகம் இறங்கிவிடும், பக்கத்தில் நிற்கிற ஆள்கூடத் தெரியாது. மழை நன்றாக விட்டு, வானம் வெளுத்து, கண்மாய்த் தண்ணீர் வயலுக்குப் போய் வற்றுவதற்குள் போயாக வேண்டும். மார்கழிக் கடைசியில் ஒரு பத்துப் பதினைந்து நாள் கிடைத்தால் உண்டு. கிடைக்காமலும் போகலாம்.

எனக்கு அது பிடித்துப்போனது. பட்டறையில் ஒரு நூல் பிசகினாலும் பீஸ் வீண். அப்படியே பழகிவிட்ட ஆள் நான். மலையையும் அளந்து பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். ரேடியோவில் வானிலை அறிக்கையை நம்பிப் பிரயோஜனமில்லை. 'ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்' என்பார்கள். அந்த ஓரிரு இடம் எது என்று எவனுக்குத் தெரியும்?

அதனால் கார்த்திகை பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆரப்பாளையம் போய்விடுவேன். கொடைக்கானலிலிருந்து இறங்கி வருகிற பஸ்களுக்காகக் காத்திருப்பேன். மேலே கட்டியிருக்கிற தார்ப்பாய் ஈரமா, சக்கரத்தில் ஒட்டியிருக்கிற மண் காய்ந்ததா, முட்டைக்கோஸ் மூட்டையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன். அவள் ஊர்க்காரர் ஒருவர் அந்தத் தடத்தில் கண்டக்டராக இருந்தார். என்னைக் கண்டதும் சிரிப்பார்.

"என்ன மாப்ள, மலைக்கு நாள் குறிச்சாச்சா?"

"இன்னைக்கு எப்பிடிண்ணே இருந்துச்சு?"

"காலையில நல்ல வெயிலு. டேமு, கண்மாயி எல்லாம் அப்பிடியே மின்னுச்சு. மதியத்துக்கு மேல மூடிப்போச்சு. ஏறி உக்காரு மாப்ள, எம்புட்டு நாளைக்கு டயரத் தடவிக்கிட்டே இருப்ப?"

முதல் வருஷம் மழை ஏமாற்றியது. கண்மாயில் முழங்கால் தண்ணிகூட இல்லை என்று மாமனார் வீட்டிலிருந்து சேதி வந்தது. அடுத்த வருஷம் கண்மாய் நிறைந்து வழிந்து மறுகால் போனது, ஆனால் மழை விடுவேனா என்றது. மலைப் பாதையில் மண் சரிந்து பஸ்ஸெல்லாம் வத்தலக்குண்டோடு திரும்பின. தெருவோரக் கடையில் வாங்கிய இரண்டு ஸ்வெட்டர்களும் அந்துருண்டையோடு பெட்டியிலேயே கிடந்தன.

"மழையா இருந்தா என்ன, போயிட்டு வருவோம் மச்சான்" என்றாள்.

"காசக் குடுத்துப் போயி மேகத்தையா பாத்துட்டு வாரது? அத ஆனையூர்லயே பாத்துக்கலாம்."

"மேகத்துக்குள்ளயாச்சும் நின்னுட்டு வருவோமே."

நான் கேட்கவில்லை.

மூன்றாவது வருஷம் எல்லாம் கூடி வந்தது. கண்மாய் நிறைந்திருந்தது, நாலு நாளாக மழை இல்லை, தார்ப்பாய் காய்ந்திருந்தது. முதலாளியிடம் மூன்று நாள் லீவு வாங்கி வந்தேன். அன்று சாயங்காலம் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். வளர்பிறை நிலா, முக்கால்வாசி ஆகியிருந்தது.

"நிலா கோட்டை கட்டியிருக்கு மச்சான்" என்றாள்.

நிலாவைச் சுற்றி வட்டம் விழுந்தால் மழை வரும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நானும் அண்ணாந்து பார்த்தேன். எனக்கு வட்டம் எதுவும் தெரியவில்லை. என்னுடையது பட்டறைப் புகையில் கெட்ட கண், காட்டில் களையெடுத்து வளர்ந்தவளுக்குத் தெரிகிறது என்று நினைத்தேன். மறுநாள் போய் லீவை ரத்து செய்தேன். அந்த மூன்று நாளும் பொட்டு மழை இல்லை.

"ஒன் நிலாவ நம்பி நாசமாப் போனேன்" என்று அவளைக் கேலி செய்தேன். அவளும் சிரித்தாள்.

நாலாவது வருஷமும் அதே கதை. நாள் நெருங்கியபோது நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்றாள். "கலர் கலரா இருக்கு மச்சான், வானவில்லு கணக்கா" என்றாள். தெருவிளக்கும் கோட்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். காற்றில் ஈரம் அவ்வளவு இருக்கிறது, நிச்சயம் மழைதான் என்று நான் முடிவு கட்டினேன். இந்தத் தடவை நல்லவேளை, லீவு கேட்பதற்கு முன்பே தெரிந்துகொண்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது.

அப்போதெல்லாம் அவளுக்கு அடிக்கடி மண்டையிடி வரும், கண் சிவக்கும். சூடு என்றோம். எங்களுக்கு எது வந்தாலும் சூடுதான். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தாள், உச்சியில் விளக்கெண்ணெய் வைத்தாள். பக்கத்து வீட்டில் நந்தியாவட்டைப் பூப் பறித்து வந்து கண்ணை மூடி அதன்மேல் வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். "மலைக்குப் போனா அந்தக் குளிர்ச்சிக்கு எல்லாம் சரியாப் போயிரும்" என்று நான் வைத்தியம் சொன்னேன். சோற்றில் கல் கடிபட்ட ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு, "கண்ண எங்க வச்சுக்கிட்டு அரிசி பாக்குற?" என்று கத்தினேன். அவள் வேறு சோறு போட்டாள். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

ஐந்தாவது வருஷம் மார்கழியில் கண்மாய் நிறைந்தது, மழை விட்டது. கண்டக்டர் அண்ணன் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். "மாப்ள, இத விட்டா இனி கெடையாது. ஒரு வாரமா மேல கண்ணாடியா இருக்கு." அன்று சாயங்காலம் அவளிடம் நிலா எப்படி என்று கேட்டேன். அவள் அண்ணாந்து பார்க்கவே இல்லை.

"ஒண்ணும் இல்ல மச்சான். சுத்தமா இருக்கு. போவோம்."

அதிகாலை இருட்டில் கிளம்பினோம். ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்டிருந்தாள். நான் சொன்னதும், "குளிருக்கு எந்தப் பக்கமா இருந்தா என்ன?" என்று சிரித்தபடியே கழற்றி மாற்றிக்கொண்டாள். ஆரப்பாளையத்துக் கூட்டத்தில் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவள் அப்படிப் பிடித்ததில் எனக்குக் கூச்சமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு இந்தப் பிரியமா என்று நினைத்தேன்.

மலை ஏற ஏற வெயில் பளிச்சென்று அடித்தது. கொடைக்கானலில் இறங்கியதும் நான் சின்னப் பையன் மாதிரிக் கத்தினேன். "வெயிலு அடிக்குது பாத்தியா? நான் குறிச்ச நாளு எப்பிடி?"

"எம் மச்சான் கணக்கு தப்புமா?" என்றாள்.

டீ குடித்துவிட்டு மலை விளிம்பையொட்டிப் போகிற நடைபாதைக்கு அவளைக் கூட்டிப்போனேன். கால் மணி நேர நடைதான். பாதித் தூரத்தில் குளிர்ந்த காற்று ஒன்று வீசியது. பள்ளத்திலிருந்து வெள்ளையாகப் பனிமூட்டம் கிளம்பி வந்தது. கம்பி வேலிக்குப் பக்கத்தில் நாங்கள் போய் நின்றபோது வேலிக்கு அந்தப்பக்கம் ஒன்றுமே இல்லை. மலை இல்லை, சரிவு இல்லை, கீழே ஊர் என்று ஒன்று இருக்கிறதா என்பதே தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற வடநாட்டுக் குடும்பம் ஒன்று அவர்கள் பாஷையில் ஏதோ அலுத்துக்கொண்டு திரும்பிப் போனது.

ஐந்து வருஷம். அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் குரல் கேட்டது.

"அடேயப்பா! எம்புட்டுத் துலக்கமாத் தெரியுது மச்சான்!"

என்னைத் தேற்றுவதற்காகக் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். சிரிக்கக்கூடப் போனேன். அவள் கையை நீட்டி அந்த வெள்ளையைக் காட்டினாள்.

"அந்தா, எங்க கண்மாயி. நெறஞ்சு கெடக்கு பாத்தீகளா? என்னமா மின்னுது!"

திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. கண்ணை அகலத் திறந்து, எனக்காகச் சந்தோஷப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் கையில் வாங்கி வைத்த கடலைப் பொட்டலம் இருந்தது. ஒன்றும் பேசாமல் அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் வாங்கவில்லை. பொட்டலத்தைத் தாண்டி கண்மாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் குறித்த நாள், நான் கூட்டிவந்த இடம், அதனால் எல்லாம் தெரியத்தான் வேண்டும் என்று அவள் நம்பியிருக்கிறாள். தெரியவில்லை என்றால் என் மனசு உடைந்துபோகும் என்று பொய் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு முன்னால் இருந்தது பனியா, ஊரா என்று பிரித்துப் பார்க்கிற பார்வைகூட அவளுக்கு மிச்சமில்லை.

"ஆமா" என்றேன். "நல்லாத் தெரியுது."

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம் அழுதேன். அவளுக்குத் தெரியாது என்பதால் கண்ணைத் துடைக்கவும் இல்லை.

கண் வைத்தியத்துக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் தேடி வருகிற ஊரில் குடியிருந்துகொண்டு, மலைக்குப் போய்வந்த மறுநாள்தான் முதல் தடவையாக அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணுக்குள் நீரழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போயிருக்கிறது, போன பார்வை போனதுதான் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"லைட்டையோ நிலாவையோ பாத்தா சுத்தி வளையம் தெரியுது, கலர் கலராத் தெரியுதுன்னு எப்பவாவது சொன்னாங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அப்பவே வந்திருந்தா இருக்கிற பார்வையக் காப்பாத்தியிருக்கலாம்."

அவள் இரண்டு வருஷமாகச் சொல்லியிருக்கிறாள். நான் அதைக் கேட்டு மழைக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன். வானத்தில் இல்லாத வட்டத்தை நம்பி மலைப் பயணத்தைத் தள்ளிப்போட்டவன், அந்த வட்டம் யார் கண்ணில் இருக்கிறது என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. எத்தனை பஸ்ஸின் சக்கரத்தைக் குனிந்து குனிந்து பார்த்தேன். அவள் கண்ணை ஒருநாள் உற்றுப் பார்த்திருந்தால் போதும்.

வீட்டுக்கு வந்து, "ஏன் ஏங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். எனக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியாது.

"சூடுதான், சரியாப் போயிரும்னு மொதல்ல நெனச்சேன். பெறகு சொன்னா, இந்த வருசமும் வேணாம்னு சொல்லிருவீக" என்றாள். "ஒருக்காவாச்சும் அங்க நின்னுட்டு வந்துரணும்னு இருந்துச்சு. எனக்குத் தெரியாட்டி என்ன மச்சான், நீங்க பாத்தீகள்ல."

அன்று மலையில் பனி மூடியிருந்தது அவளுக்கு இன்றுவரை தெரியாது. நான் சொல்லவில்லை. ஐந்து வருஷத்தில் நான் அவளுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அந்தப் பொய்தான் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் அதுவும் தோன்றுவதில்லை.

ஒவ்வொரு மார்கழியிலும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து அவள் கேட்பாள்.

"அன்னைக்கு எங்க கண்மாயி எப்பிடி இருந்துச்சுன்னு சொல்லுங்க மச்சான்."

"நெறஞ்சு கெடந்துச்சு."

"கரை தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு. கரை மேல நிக்கிற பனைமரங்கூடத் தெரிஞ்சுச்சு."

"சும்மா அளக்காதீக. அம்புட்டுத் தூரத்துலருந்து பனைமரம் எப்பிடித் தெரியும்?"

பனைமரம் தெரியவில்லைதான் என்று ஒத்துக்கொள்வேன். தண்ணீரை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.