புதுக் காருக்கு ஒட்டிய இரண்டாவது தோல்

ஸ்டிக்கர் கடைக்காரர்களின் தலையெழுத்தே தனி: நம்பர் பிளேட் ஒட்டினால் எழுத்து கோணல் என்பார்கள், கண்ணுக்குத் தெரியாத பிலிம் ஒட்டினால் எங்கே ஒட்டினாய் என்பார்கள். கல்லாவுக்கு உள்பக்கம் நின்று பதில் சொல்லிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்களும் நானும் ஒரே ஜாதி.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது நம்முடைய கஷ்டத்தைச் சொல்ல அல்ல. அநியாயம் நடந்தது டிரைவர் கன்னியப்பனுக்கு. முதலாளியின் புதுக் காரில் சூடான டம்ளரை வைத்துத் தழும்பு போட்டுவிட்டார் என்று சொல்லி, ஆயுத பூஜை முடிந்த கையோடு சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அந்தத் தழும்பை அவர் போடவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்ல, எங்கள் கடையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஒட்டவே இல்லியே

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் நைனாவுக்கு ஸ்டிக்கர் கடை. நான் அப்போது சென்னையில் எம்.ஏ. பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன், சனி, ஞாயிறுகளில் கடையில் இருப்பேன். இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள். காரின் பெயிண்ட் கீறாமலிருக்க மேலே ஒட்டும் கண்ணாடி போன்ற பிலிம், எங்கள் ஊருக்கு அப்போதுதான் வந்திருந்தது.

முதலில் வந்தவர் ஒரு வாத்தியார். ஷாம்புத் தண்ணீர் தெளித்து, பிலிமைப் படியவைத்து, ரப்பர் கட்டையால் கொப்புளங்களைத் தள்ளி, வளைவுகளில் ஹேர் டிரையர் காட்டி இழுத்து, நானும் நைனாவும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தோம். வாத்தியார் காரை ஒரு சுற்று வந்தார். குனிந்து பார்த்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "ஒட்டவே இல்லியேம்மா" என்றார். தெரியாமல் இருப்பதுதான் சார் வேலையே, தெரிந்தால்தான் நாங்கள் தப்பு செய்தோம் என்று அர்த்தம் என்று நான் வாதாடினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் சரி, ஓரத்துலயாவது கொஞ்சம் கலரா ஒட்டு. ஒட்டிக்கினு கீறேன்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

சீட்டுக்கு ஒரு நியாயம்

கம்பெனி போட்டு அனுப்பும் பாலிதீன் உறையை சீட்டிலிருந்து கழற்றாமலே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு. சித்திரை வெயிலில் அதன்மேல் உட்கார்ந்து எழுந்தால் புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும். அப்படி வந்த ஓர் அம்மாள், பானட்டுக்குப் பிலிம் எதற்கு, வெட்டிச் செலவு என்று என்னிடம் சண்டைக்கு நின்றார். உங்கள் சீட்டு உறை மட்டும் என்னவாம் என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அத்தப் பிரிச்சிட்டா அப்புறம் இது புது வண்டின்னு யாருக்குத் தெரியும்?"

கடையை மூட வந்தவள்

பிலிம் ஒட்டுவது லாபமா நஷ்டமா என்று கேட்டால் நான் உள்ளதைச் சொல்லிவிடுவேன். வாலாஜாபாத் ரோட்டில் தினமும் ஜல்லி லாரிக்குப் பின்னால் போகிறவர் ஒட்டிக்கொள்ளலாம். தெறிக்கிற கல் பெயிண்டில் படாது. ஏரிக்கரை வழியாக வேலிக்காத்தான் முள்ளை உரசிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவரும் ஒட்டிக்கொள்ளலாம். காருக்குப் போர்வை போர்த்தி வைத்து, கிருத்திகைக்குக் கிருத்திகை கோயிலுக்கு மட்டும் எடுக்கிறவருக்கு இது தண்டம். அதோடு, அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த ரோல் வெயிலில் கிடந்தால் கொஞ்ச நாளில் மஞ்சளாகும்; பிறகு உரித்து மாற்ற வேண்டும்.

அப்படிக் கேட்டு வந்த ஒருவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். ரொம்ப நல்லா சொன்னம்மா என்று பாராட்டினார். ஒட்டாமலே போனார். நைனா ரோலைச் சுருட்டி மேலே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "நீ கடையப் பாத்துக்க வந்தியா, கடைய மூட வந்தியா?"

ஸ்டியரிங்குக்கும் ஒட்டிடு

ரைஸ் மில் முதலாளி வெள்ளை நிறத்தில் புதுக் கார் வாங்கியிருந்தார். ஓட்டி வந்தவர் கன்னியப்பன். காலனியில் வீடு, அவர் அப்பா மில்லுக்காரர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். அந்தக் குடும்பத்தில் முதலில் லைசென்ஸ் எடுத்தவர் இவர்தான். சட்டைப் பாக்கெட்டில் சீப்புக்குப் பக்கத்தில் எப்போதும் அது இருக்கும்.

என் வழக்கப்படி முதலாளியிடம், எந்த ரோட்டில் போவீர்கள், முள் உண்டா, கல் உண்டா என்று விசாரித்தேன். "கல்லும் இல்ல, முள்ளும் இல்ல. கண்டவன் கை படுது பாரு, கதவுல, பானட்டுல. அதுக்குத்தான்" என்றார். கண்டவன் அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. நைனா ரப்பர் கட்டையால் என் காலில் தட்டினார். முதலாளி எதிர்க்கடைக்கு வெற்றிலை வாங்கப் போனதும், கன்னியப்பன் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "ஸ்டியரிங்குக்கும் ஒட்டிடு பாப்பா. நாள் பூரா அத்தத்தான் புட்ச்சிக்கினு கீறேன்."

மலையேறும் வரைக்கும்

ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் அதே கார் வந்தது. ஓட்டியது முதலாளியின் மகன். முன்னால் முதலாளி, பின்னால் அவர் மனைவி. பானட்டின் நடுவில் பிலிம் வட்டமாகப் பழுப்பேறிச் சுருங்கியிருந்தது. "கொதிக்கிற டீயோட டம்ளர இதும்மேல வெச்சிட்டான் அந்தக் கன்னியப்பன். அவன அனுப்பியாச்சு. ஒரு டம்ளர் சூடு தாங்கல, இதெல்லாம் ஒரு பிலிமா?" என்றார் முதலாளி.

கன்னியப்பனை அனுப்பிய செய்தி எனக்கு அப்போதுதான் தெரியும். புது வண்டியைக் கெடுத்தவன் என்று பேர் வந்துவிட்டால், அப்புறம் ஊரில் யார் சாவியைக் கையில் கொடுப்பார்கள்? வட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்தேன். கை அதற்குள் அடங்கியது. இவ்வளவு அகலத்தில் டம்ளரை நான் பார்த்ததில்லை. "பூஜை எப்படி நடந்ததுங்கம்மா?" என்று பின்சீட்டுப் பக்கம் கேட்டேன். நைனா இந்தத் தடவை என் காலில் தட்டவில்லை.

அந்த அம்மாள் சந்தோஷமாகவே சொன்னார். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பூசணிக்காய். "கற்பூரம் காட்டி, தட்ட அப்படியே வண்டி மேல வெச்சிட்டேன். மலையேறுற வரைக்கும் அசைக்கக் கூடாதில்ல." பித்தளைத் தட்டா என்றேன். ஆமாம் என்றார். எவ்வளவு அகலம் என்றேன். விரல்களை விரித்துக் காட்டினார். முதலாளி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்க ஆரம்பித்தார். கன்னியப்பன் அப்போது எங்கே இருந்தார் என்றேன். விடியற்காலையில் வண்டியைக் கழுவியதோடு சரி, பூஜைச் சாமான் வந்த பிறகு அவரைக் கேட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்களாம், வழக்கம் அதுதானாம்.

"அப்போ டம்ளர் எப்ப வெச்சார்?" என்றேன். பல்கலைக்கழகத்தில் எத்தனையோ விவாத மேடை ஏறியிருக்கிறேன். எதிர்த் தரப்பே எனக்காகப் பேசியது அன்றைக்கு மட்டும்தான். அந்த அம்மாள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்: "டம்ளரா? அவனுக்கு ஏது டம்ளரு? நம்ம வூட்ல அவனுக்கு எப்பவும் பிளாஸ்டிக் கப்புலதான குடுப்போம்?"

உரித்துப் பார்த்தது

அதற்குமேல் முதலாளியைப் பார்த்து நான் பேசினேன். தொடக் கூடாது என்று ஒருவரை வெளியே நிறுத்தினீர்கள். டம்ளர் கொடுக்கக் கூடாது என்று பிளாஸ்டிக் கப்பு கொடுத்தீர்கள். பிறகு, தொடாத வண்டியில், கொடுக்காத டம்ளரை வைத்தார் என்று பழி போட்டீர்கள். அவரை விரட்டுவதாக இருந்தால்கூட உங்கள் வழக்கத்துக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு பொய்யைத் தேடியிருக்கலாமே என்றேன். மகன் காதைச் சொறிந்தான்.

நைனா ஹேர் டிரையரை எடுத்து வந்து, ஓரத்தைச் சூடாக்கி, பிலிமை உரித்தார். பழுப்பு வட்டம் பிலிமோடு வந்துவிட்டது. கீழே பெயிண்ட், ஷோரூமிலிருந்து வந்த அன்று இருந்ததுபோல் வெள்ளையாக இருந்தது. முதலாளி இறங்கி வந்து விரலால் தடவிப் பார்த்தார். இரண்டாம் முறையும் தடவினார். பிறகு நைனாவிடம், நியாயம் கேட்க வந்தவர்போல இல்லாமல் வியாபாரம் பேச வந்தவர்போலக் கேட்டார்: "அப்ப வண்டிக்கு ஒண்ணும் ஆவலயே?"

கொடுத்த பதில்

வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லைதான். கன்னியப்பன், யாராவது டிரைவர் லீவு போட்டால் பதிலுக்கு ஆக்டிங் டிரைவராக ஓட்டலாம் என்று வாலாஜாபாத் லாரி ஸ்டாண்டில் தினமும் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். பல நாள் யாரும் கூப்பிடவில்லை. சேதி வாலாஜாபாத்துக்கும் போயிருந்தது.

நடந்ததையெல்லாம் சொல்லி, அடுத்த ஞாயிறு வரச் சொல்லி நானே ஆள் அனுப்பினேன். வந்தார். புது பிலிம் ஒட்டிக்கொள்ள முதலாளியும் வந்திருந்தார். தப்பு என்னுது என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. அதை எதிர்பார்க்கிற வயசு எனக்கு அன்றைக்கு இருந்தது, கன்னியப்பனுக்கு இல்லை. முதலாளி சாவியை எங்கள் கல்லா மேல் வைத்து, "நடந்தது நடந்துபோச்சு. நாளைலேர்ந்து வந்துடு" என்றார்.

பிலிம் ஒட்டுவது லாபமா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். வண்டிமேல் விழுகிற சூட்டைத் தாங்க ரோல் இருக்கிறது, மனுஷன்மேல் விழுகிறதற்கு எந்தக் கம்பெனியும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் என் பதில். கன்னியப்பனின் பதில் இதைவிட நல்ல பதில். சாவியை அவர் உடனே எடுக்கவில்லை. பானட்டைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். தலைகூடக் குனியாமல் சொன்னார்: "வரேன் மொதலாளி. ஆனா இன்மே டீய எவர்சில்வர் டம்ளர்ல குடுக்கச் சொல்லுங்க. அடுத்த தபா பழி போட்டா, அதுவாச்சும் பொருத்தமா இருக்கும்."